தடையை மதித்த ஒரே மனிதர்

காயாவுக்கும் மலன்வில்லுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே தோணிகள் இருக்கின்றன. பாலத்தை மூடலாம், ஆற்றை மூட முடியாது என்பது காயாவில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே தரப்பினர். ஒன்று, அபுஜாவில் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்து பாலத்தை மூடச் சொன்ன மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு. இன்னொன்று, அந்தக் கூட்டமைப்பிடம் சம்பளம் வாங்கிய சேனி கிம்பா.

சேனி காயாக்காரர். அதாவது நைஜர் நாட்டின் கடைசி ஊர்க்காரர். அக்கரையில் மலன்வில், பெனின் நாட்டின் முதல் ஊர். அப்பா ஆற்றில் வலை வீசியவர். மகன் வலை வீசக் கூடாது என்று பள்ளிக்கூடம் அனுப்பினார். மகன் பத்து வருடம் படித்து, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்து, அதுவும் போய், கடைசியில் ஆற்றங்கரைக்கே திரும்பி வந்தார். வலைக்குப் பதில் கையில் ஒரு பேரேடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பேரேட்டைக் கொடுத்தது கூட்டமைப்பு. பதினைந்து நாட்டு மக்களும் ஒரு தாய் பிள்ளைகளாக எல்லை தாண்டிப் போய்வரலாம் என்று அது எப்போதோ அறிவித்திருந்தது. பிள்ளைகள் நிஜமாகவே போய்வருகிறார்களா, வழியில் எந்தச் சிப்பாயாவது கை நீட்டுகிறானா என்று பார்க்கப் பாலத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலையின் பெயர், தடையற்ற நடமாட்டக் கண்காணிப்பாளர். ஒரு பச்சை மேல்சட்டை, முதுகில் கூட்டமைப்பின் முத்திரை, பாலத்தின் காயா முனையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி. பேரேட்டில் மூன்று பத்திகள்: தடையின்றிச் சென்றோர், தடுக்கப்பட்டோர், காரணம். மேலதிகாரிகளும் அலுவலகமும் அக்கரையில், மலன்வில்லில். சம்பளம் மூன்று மாதம் தாமதமாக வரும். ஆனாலும் சேனி அந்தச் சட்டையைக் கழற்றி ஊரில் யாரும் பார்த்ததில்லை. தொழுகைக்கும் அதோடுதான் போவார். பின்வரிசைக்காரர்கள் சுஜூதுக்குக் குனியும் முன் கூட்டமைப்பின் முத்திரையைத்தான் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பேரேடு பதினோரு வருடத்தில் ஒரே ஒரு முறை ஓர் ஆளுக்கு உதவியிருக்கிறது. மலன்வில்லில் அரிசி வியாபாரம் பார்க்கும் பிபாத்தாவின் மூட்டை ஒன்றைப் பாலத்தில் யாரோ ஒரு சீருடைக்காரர் இறக்கி வைத்துக்கொண்டார். அவள் நேராகச் சேனியின் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"எழுதுறியே, என்ன எழுதுற?"

"தடுக்கப்பட்டோர் ஒருவர். காரணம் அரிசி மூட்டை."

"எழுதினா மூட்டை வருமா?"

சேனிக்கே தெரியாது. ஆனால் எழுதுவதைப் பார்த்த சீருடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, மூட்டை வந்துவிட்டது. பிபாத்தா அந்த மூட்டையிலிருந்து ஒரு படி அரிசி அளந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மழைக்காலத்துக்குள் கல்யாணம் முடிந்தது. காயாவில் ஏற்கெனவே ஹம்சத்து என்ற மனைவி இருந்தாள். ஆகவே முறைப்படி இரண்டு ராத்திரி ஹம்சத்து வீடு, இரண்டு ராத்திரி பிபாத்தா வீடு. சாயங்காலம் பேரேட்டை மூடிவிட்டு, முறைக்கேற்ப இடப்பக்கமோ வலப்பக்கமோ நடப்பார். பதினைந்து நாடுகளை ஒன்று சேர்க்கிறோம் என்று கூட்டமைப்பு எத்தனையோ மாநாடு போட்டிருக்கிறது. அந்த ஒற்றுமை உருப்படியாக நடந்தது சேனியின் இரண்டு கட்டில்களுக்கு நடுவில்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சேனி ஜெர்மா. பிபாத்தா குர்மாஞ்சே. இந்த இரண்டு இனக்கூட்டத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிடலாம், தட்டிலிருந்து இறைச்சியைப் பிடுங்கலாம், பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இது எனக்கு என்று ஓடலாம். செத்தவனை அடக்கம் பண்ண விடாமல் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு பணம் கேட்கலாம். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். எந்தத் தலைவரும் கையெழுத்துப் போடாமல், எந்த மண்டபத்திலும் கூடாமல், எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாமல் நடக்கிற ஒப்பந்தம் இது. இதிலிருந்து யாரும் விலகியதில்லை. எப்படி விலகுவது என்றும் யாருக்கும் தெரியாது.

பிபாத்தாவின் பெரியம்மா மகன் கொம்பாரி, பெனின் பக்கத்து எல்லைக் காவலில் சார்ஜெண்ட். அவரும் சேனியும் தினமும் காலையில் பாலத்தின் நடுவில் சந்திப்பார்கள்.

"என்ன அடிமை, எசமானுக்கு வணக்கம் வைக்கலயா?"

"வாடா தட்டப்பயறு தின்னி. நேத்து ராத்திரி உன் வயிறு உறுமினது இக்கரை வரைக்கும் கேட்டுது."

"உன் வேலை போயிடுச்சுடா. ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நாளையிலேருந்து என் வீட்டுல தண்ணி இறைக்க வந்துடு."

இந்த வேலை போன கதை தினசரிப் பாட்டு. ஒரு வருடம் கொம்பாரி பாட்டோடு நிற்கவில்லை. கூட்டமைப்பின் முத்திரை போட்ட உறையில், நல்ல பிரெஞ்சில், சேனி கிம்பா பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்று ஒரு கடிதம் தயாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். தாயின் மேல் சத்தியம் வேறு செய்தார். சேனி அலறியடித்துக்கொண்டு மலன்வில் அலுவலகத்துக்கு ஓடி, மேலாளர் காலில் விழாத குறையாக நின்றார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பாலத்தில் இருந்த லாரிக்காரர்கள், சிப்பாய்கள், ஆடு மேய்த்தவர்கள் எல்லாரும் தரையில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் ஓடியது. அன்றைக்குச் சேனி ஒரு முடிவு எடுத்தார். இனி குர்மாஞ்சே வாயிலிருந்து எது வந்தாலும் நம்புவதில்லை.

அப்புறம்தான் நைஜர் தலைநகரில் தளபதிகள் ஜனாதிபதியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

கூட்டமைப்புக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஜனாதிபதியை விடு, இல்லாவிட்டால் படை வரும் என்றது. ஏழு நாள் கெடு வைத்தது. ஏழாம் நாள் வந்தது, எட்டாம் நாள் வந்தது, படை வரவில்லை. படைக்குப் பதிலாகத் தடை வந்தது. பாலத்தின் அந்த முனையில் ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அரிசி லாரி, சிமெண்ட் லாரி, மருந்து லாரி என்று வரிசை நின்றது. இந்தப் பக்கம் வெங்காய லாரிகள் நின்று, அழுகி, நாறின. மின்சாரம் போயிற்று. தளபதிகளின் மாளிகைகளில் ஜெனரேட்டர் ஓடியது. அவர்கள் இளைத்ததாகவும் தகவல் இல்லை. தொலைக்காட்சியில் அவர்களுடைய சீருடைப் பொத்தான்கள் முன்னைவிடச் சிரமப்படுவது போலத்தான் தெரிந்தது.

காயா மக்கள் இரண்டு நாள் திகைத்தார்கள். மூன்றாம் நாள் தோணிகளுக்குத் தார் பூசினார்கள். ஒரு மாதத்துக்குள் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு துறையே உருவாகிவிட்டது. அரிசி வந்தது, மோட்டார் சைக்கிள் போயிற்று, மாப்பிள்ளை ஊர்வலம் போயிற்று, பிரசவ வலியோடு பெண்கள் போனார்கள், பிள்ளையோடு திரும்பினார்கள். தோணியில் போகாத ஒரே ஆள் சேனி.

பணி விதி பதினாறு அப்படி. ஊழியர் எவரும் அங்கீகரிக்கப்பட்ட வாயில் தவிர வேறு வழியாக எல்லை கடந்தால் உடனடிப் பணிநீக்கம். அங்கீகரிக்கப்பட்ட வாயில் என்றால் பாலம். பாலம் மூடியிருக்கிறது. மூடியது யார்? கூட்டமைப்பு. பதினோரு வருடம் காத்த சட்டையை இழக்கச் சேனிக்கு மனம் வரவில்லை. அவர் வழக்கம் போலக் காலையில் கொட்டகைக்குப் போனார். பேரேட்டைத் திறந்தார். தடையின்றிச் சென்றோர், சைபர். தடுக்கப்பட்டோர், சைபர். மூடியிருக்கிற பாலத்துக்கு யார் வந்து தடுக்கப்படப் போகிறார்கள்? காரணம் என்ற பத்தியை மரியாதை கருதிக் காலியாக விட்டார். மாதக் கடைசியில் கூட்டல் போட்டு ஃபோனில் அனுப்பினார். கண்ணெதிரே ஆற்றில் தலை தலையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறு அவர் பணி எல்லைக்குள் வரவில்லை.

ஊர் அவருக்குச் சைபர் சேனி என்று பேர் வைத்தது. அந்த ஆண்டறிக்கையில் கூட்டமைப்பு பெருமையோடு ஒரு வரி சேர்த்தது: காயா பாலத்தில் பயணிகள் மீதான தொல்லை முற்றிலும் ஒழிந்தது.

பிபாத்தா முதல் வாரமே ஃபோன் செய்தாள்.

"என்ன அடிமை, என் முறை ரெண்டு தடவை வந்து போயிடுச்சு. நீ எங்க?"

"பாலம் மூடியிருக்கு பிபாத்தா."

"ஆறும் மூடியிருக்கா?"

"விதி இருக்கு. தோணியில வந்தா வேலை போயிடும்."

"நான் அரிசி நொய்யும் முருங்கக்கீரையும் போட்டு தம்பு கிண்டி வெச்சிருக்கேன். அதுக்கு விதி கிடையாது, ஊசிப்போயிடும்."

"கொஞ்சம் பொறு. சீக்கிரம் திறந்துடுவாங்க. அவங்களுக்கு மட்டும் என்ன, ஜனங்க கஷ்டப்படணும்னா ஆசை?"

அவள் சிரித்தாள். தம்புவை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த பணத்தில் ஒரு தோணி வாங்கினாள். பாலம் மூடிய ஆறாவது மாதம் அவளுக்கு மூன்று தோணி. கூட்டமைப்பின் தடையால் யாராவது வளர்ந்தார்களா என்று கேட்டால், தளபதிகளுக்கு அடுத்தபடி பிபாத்தாவைச் சொல்லலாம்.

ஏழாவது மாதத்தில் கூட்டமைப்புக்குக் கை வலித்துவிட்டது. மனிதாபிமான அடிப்படையில் தடையை நீக்குகிறோம் என்று அறிவித்தது. அந்த முனையில் கயிற்றை அவிழ்த்தார்கள். சேனி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பாலத்துக்கு வந்தார். பாதிப் பாலத்தில் நம் தளபதிகள் கன்டெய்னர் பெட்டிகளைக் குறுக்கே வைத்திருந்தார்கள். நீங்கள் மூடினீர்கள் அல்லவா, இப்போது நாங்கள் மூடுகிறோம் என்பது அவர்கள் வீரம். சேனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார். சைபர் எழுதினார்.

கன்டெய்னர்களுக்கு நடுவில் ஒரு சாண் சந்து இருந்தது. அந்தச் சந்தின் வழியாகக் கொம்பாரியின் பாதி முகம் தெரியும். காலைப் பேச்சு அந்த வழியாகத் தொடர்ந்தது.

"அடிமை, என் தங்கச்சி உன்னை ஏலத்துல விடப்போறாளாம்."

"எவ்வளவுக்குப் போவேன்?"

"ஒரு கோழி குடுத்து உன்னை எடுத்துக்கோன்னாலும் ஆள் வரலை."

இப்படியே முதல் தபாஸ்கி, அதாவது தியாகப் பெருநாள், போயிற்று. பிபாத்தா வீட்டில் ஆடு அறுக்கக் கணவன் இல்லை. அண்ணன் கொம்பாரிதான் அறுத்தார்.

அதற்கு முன்பே நம் தளபதிகள், இந்தக் கூட்டமைப்பே வேண்டாம், அண்டை நாட்டுத் தளபதிகள் இருவரோடு சேர்ந்து வெளியேறுகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து ஜனவரிக் கடைசியில் வெளியேற்றம் நடந்தேவிட்டது. காயாவில் மேளம் அடித்தார்கள். இனி நாம் சுதந்திரமானவர்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் கைதட்டிவிட்டு, இருட்டுவதற்குள் தோணி பிடிக்க ஓடியது.

கூட்டமைப்பு இந்த முறை கோபப்படவில்லை. படையும் இல்லை, தடையும் இல்லை, தேன்தான். எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், எங்கள் முத்திரை போட்ட கடவுச்சீட்டு மறு அறிவிப்பு வரை செல்லும், எங்கள் சகோதர மக்களுக்கு ஒரு குறையும் வராது. உள்ளே இருந்தபோது பட்டினி போட்டவர்கள் வெளியே போனதும் பாயசம் ஊற்றினார்கள். தளபதிகளைத் தொட முடியவில்லை, அவர்களுடைய எண்ணெய்க் கிணற்றைத் தொட முடியவில்லை, எல்லையைத் தொட முடியவில்லை. ஆனாலும் ஒரு பெரிய அமைப்பு தன் பலத்தை எங்கேயாவது காட்டித்தானே ஆகவேண்டும்? தேடிப் பார்த்ததில் கைக்கு எட்டும் தூரத்தில் சேனி கிம்பா இருந்தார். விலகிய நாடுகளைச் சேர்ந்த ஊழியர்களின் பணி முடிவுக்கு வருகிறது என்று மார்ச் மாதம் மலன்வில் அலுவலகத்துக்கு ஓர் உறை வந்தது.

உறை வந்தது, சேனியிடம் போகவில்லை. கூட்டமைப்பின் தபால் அங்கீகரிக்கப்பட்ட வாயில் வழியாக மட்டுமே எல்லை கடக்கலாம். மேலாளர் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கொம்பாரியைக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொல்லிவிடச் சொன்னார். கொம்பாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் சந்தின் முன் போய் நின்றார். சேனி எதிரில் வந்தார். நாடு வெளியேறிய நாளிலிருந்து அவர் பச்சைச் சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார். நம் சிப்பாய்களுக்கு அந்த முத்திரையைக் கண்டால் ஆகவில்லை. இப்போது முத்திரை அவர் முதுகை உரசிக்கொண்டிருந்தது, வெளியே தையல் தெரிந்தது.

"அடிமை," என்றார் கொம்பாரி. பழக்கம் முதலில் வாயில் வந்துவிட்டது. "உன் வேலை போயிடுச்சு."

"அப்படியா எசமான்? இன்னைக்குத் தண்ணி இறைக்கணுமா, விறகு வெட்டணுமா?"

"டேய், நிஜமா. கடிதம் வந்திருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"போன தடவையும் கண்ணால பாத்தே. கையால எழுதினதும் நீதான்."

"எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மா பாவம்டா. எத்தனை தடவைதான் அவங்க தலையில கை வைப்பே?"

"ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"அனுப்பு. முத்திரை இந்தத் தடவையாவது நேரா குத்தியிருக்கியான்னு பாக்கறேன்."

கொம்பாரி ஃபோட்டோவும் அனுப்பினார். சேனி அதைக் காயா டீக்கடை முழுக்கக் காட்டி, குர்மாஞ்சேக்காரன் தொழிலில் தேறிவிட்டான், இந்த முறை எழுத்துப் பிழையே இல்லை என்று பாராட்டினார். மறுநாள் கொட்டகைக்குப் போனார். சைபர் எழுதினார். சம்பளம் வராததைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது என்றைக்கு நேரத்தில் வந்தது?

ஏப்ரலில் பிபாத்தா ஃபோன் செய்தாள்.

"அடிமை, கேட்டுக்கோ. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நான் இமாம்கிட்ட பேசிட்டேன். இந்தத் தபாஸ்கி தொழுகைக்கு முன்னால நீ என் வாசல்ல நிக்கணும். ஆட்டை நீதான் அறுக்கணும். வரலேன்னா எனக்கு இந்தக் கல்யாணத்துலேருந்து விடுதலை குடுத்துடறேன்னு இமாம் சொல்லிட்டார்."

சேனி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணனும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? அவன் வேலையைத் தூக்கறான், நீ என்னையே தூக்கறே."

"நான் கேலி பண்ணல, சேனி."

"எனக்குத் தெரியாதா உங்க கூட்டத்தை? எங்க பெரியப்பா குழியில இறங்கிப் படுத்தவங்கதானே நீங்க?"

அவள் விடவில்லை. "தோணி என்னுது. காசு வேணாம். அரிசி வேகற நேரத்துல வந்துடலாம்," என்றாள்.

"விதி பதினாறு," என்றார் சேனி, சிரிப்பு அடங்காமல்.

காயாவில் ஹம்சத்துகூடச் சொல்லிப் பார்த்தாள். சக்களத்திக்குப் பரிந்து பேச வேண்டிய நிலைக்கு அவளையும் கொண்டுவந்திருந்தது கூட்டமைப்பு.

"போய்ட்டுத்தான் வாங்களேன். ரெண்டு வருஷமா நீங்க இங்கயே கெடக்கறீங்க. எனக்கும் ரெண்டு ராத்திரியாவது மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

"உனக்கு உத்தியோகம்னா என்னன்னு தெரியாது, ஹம்சத்து."

பெண்டாட்டி சொன்னது கேலி, மச்சான் சொன்னது கேலி. கூட்டமைப்பு சொன்னது மட்டும் வேதம். இந்த ஆற்றங்கரையில் இருபத்திரண்டு மாதமாகக் கேலி செய்துகொண்டிருந்தது யார் என்று அவருக்குத்தான் கடைசிவரை பிடிபடவில்லை. மூன்று மாதம் அவர் இல்லாத வேலைக்குக் காவலிருந்தார். அதற்காக, இருந்த மனைவியைக் காத்திருக்க வைத்தார்.

தபாஸ்கி வந்தது. காயா முழுக்கத் தணலைச் சுற்றிக் குத்தி வைத்த முழு ஆடுகளின் புகை. அக்கரையிலும் அதே புகை. இரண்டும் ஆற்றுக்கு நடுவில் கலந்து ஒன்றாக மேலே போயின. அவற்றிடம் யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. சேனி ஹம்சத்து வீட்டில் இறைச்சி சாப்பிட்டார். மத்தியானம் பிபாத்தாவுக்கு ஃபோன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை. கேலியை இழுத்தடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் காலையில் சந்தின் முன் கொம்பாரி வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வாடா தட்டப்பயறு தின்னி," என்றார் சேனி. "என் பங்கு கறி எங்கடா?"

கொம்பாரி பதில் பாட்டு பாடவில்லை.

"சேனி கிம்பா," என்றார். "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? நீங்க நல்லா இருக்கீங்களா?"

சேனியின் சிரிப்பு அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் கொம்பாரி அவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குர்மாஞ்சே ஒருவன் ஜெர்மாவிடம் மரியாதையாகப் பேசினால், ஒன்று அவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதிரில் இருப்பவன் கேலியைத் தாங்கும் நிலையில் இல்லை என்று அர்த்தம். சாவு வீட்டிலேயே அடிமை என்று கூப்பிடுகிறவர்கள் அவர்கள்.

"அடிமைன்னு சொல்லுடா," என்றார் சேனி.

"தபாஸ்கி அன்னைக்குத் தொழுகை முடிஞ்சதும் இமாம் விடுதலை குடுத்துட்டார். சாட்சி ரெண்டு பேர். ஒருத்தன் நான். தங்கச்சியாப் போயிட்டா, நான் மாட்டேன்னு சொல்ல முடியல."

"கடிதம்?"

"அதுவும் நிஜம். மார்ச்லயே."

சேனி சந்தின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் திரும்பி நடந்தார். கொட்டகையைத் தாண்டினார், பேரேட்டைப் பார்க்கவில்லை. பாலத்தின் சரிவில் இறங்கித் துறைக்குப் போனார். பட்டப்பகல். துறையில் இருந்த மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. தோணிக்காரன் கை கொடுத்து ஏற்றினான். அரிசி வேகிற நேரம்கூட ஆகவில்லை, அக்கரை வந்துவிட்டது.

பிபாத்தா முற்றத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். விருந்தாளிக்கு நீட்டுவது போல.

"உக்காருங்க," என்றாள்.

அந்த 'ங்க' அவரை மறுபடியும் குத்தியது.

"நான் கேலின்னு நினைச்சேன் பிபாத்தா."

"தெரியும்."

"வேலை போனதுகூட இன்னைக்குத்தான் தெரியும்."

"வேலை இருந்தா மட்டும் வந்திருப்பீங்களா?"

சேனி தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"முறை தவறின ராத்திரியை எல்லாம் சேர்த்துக் குடுத்துடறேன். இனிமே இங்கயே இருக்கேன். ஹம்சத்துகூடச் சரின்னுதான் சொல்லுவா."

"எத்தனை ராத்திரின்னு தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணியவர்.

"முந்நூத்தி முப்பத்தெட்டு," என்றாள் பிபாத்தா. "அந்தப் பாலத்துல ஒருத்தரும் போகலேன்னு தினம் எழுதினீங்க இல்ல? நானும் இங்க அதையேதான் எண்ணினேன். மழைக்காலத்துல ஒரு நாள் ராத்திரி கூரை ஒழுகிச்சு. கட்டிலை நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன். அப்பவே முடிஞ்சுபோச்சு. இமாம்கிட்ட போனது ஊருக்காகத்தான்."

"அவங்க மூடினாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"மூடினாங்க. எங்க பக்கத்துல ஒருத்தரும் மதிக்கல, உங்க பக்கத்துலயும் ஒருத்தரும் மதிக்கல. மூடினவங்களே மறந்துட்டாங்க. நீங்க மட்டும் மதிச்சீங்க. அவ்வளவு மரியாதையில கொஞ்சம் எனக்கும் வெச்சிருக்கலாம்."

சேனி தண்ணீரைக் குடித்தார். குடுவையைக் கீழே வைத்தார். பச்சைச் சட்டையைக் கழற்றி, ஒப்படைக்க வேண்டுமே என்று அலுவலகம் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முற்றத்து ஓரத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் மேல் போர்த்திவிட்டு வெளியே நடந்தார். குட்டி அதன் விளிம்பை மெல்ல ஆரம்பித்தது.

துறையில் தோணி கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தார். கரையிலிருந்து பிபாத்தாவின் குரல் கேட்டது.

"ஏ அடிமை!"

சேனி திரும்பினார். அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"தோணிக்காரனுக்குக் காசு குடுத்துடாதே. என் அடிமைங்களுக்கு எப்பவும் ஓசிதான்."

தோணி முழுக்கச் சிரித்தது. சேனிக்கும் வாய் கோணியது. அது சிரிப்புதானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மனைவி போய்விட்டாள், கேலி முறை போகவில்லை. அதை ரத்து செய்யும் அதிகாரம் எந்த இமாமுக்கும் கிடையாது, எந்த மண்டபத்துக்கும் கிடையாது.

நடு ஆற்றில், எதிரில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே பாலத்துல உக்காந்து எழுதறவரு? எத்தனை பேருன்னு எழுதினீங்க?"

"சைபர்."

"அப்ப நாங்கல்லாம்?"

"நீங்கல்லாம் என் எல்லைக்குள்ள வரல."

அவள் முகவாயில் கை வைத்துக்கொண்டாள். சேனி ஆற்றைப் பார்த்தார். கூப்பிடு தூரத்தில் பாலம், அதன் நடுவில் துருப்பிடித்த கன்டெய்னர்கள், ஓரத்தில் காலியான தகரக் கொட்டகை. பழக்கதோஷம், உதடு தானாக அசைய ஆரம்பித்தது. தோணியில் ஆண்கள் ஒன்பது. பெண்கள் எட்டு. ஆடு நான்கு. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்று குறைந்தது போல இருந்தது. கரை தட்டும்போதுதான் தன்னைச் சேர்க்கவில்லை என்று நினைவு வந்தது.